விசேஷத்துக்கு ஆள் அனுப்பும் கம்பெனி

திருநகர், மதுரை
வியாழக்கிழமை, காலை 9.40

என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை சோலை அவர்களுக்கு, மாமனார் பேயாண்டி பாசத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை ஒச்சம்மாளும் சௌகரியம். தண்ணீர் மோட்டார் மட்டும் சௌகரியமாக இல்லை. சென்னையில் தாங்களும் எங்கள் மகள் தமிழ்ச்செல்வியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் குலசாமி சோணைச்சாமி காவல் நிற்பார். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "மாமா, அதெல்லாம் பெருசா பண்ணா சரியாயிரும்" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமாக நம் கம்பெனியைப் பார்க்கப்போவதாகத் தாங்கள் அனுப்பிய செய்தியை நேற்றுப் படித்தேன். தயவுசெய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் முப்பத்து நான்கு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி போய்ச் சேரும், எது பாதி வழியில் நிற்கும் என்பதை ஹாரன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நம் வண்டி பாதி வழியில் நிற்கிற வண்டி, மாப்பிள்ளை. இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு, பிறகு உங்கள் மேனேஜரைப் பாருங்கள்.

குற்றம் உங்கள் மேல் என்று நான் சொல்லவே இல்லை. மாமனாராக இருந்துகொண்டு அப்படிச் சொல்வேனா? ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். தீபாவளிக்கு வந்திருந்தபோது டி.வி. மேல் அடுக்கியிருந்த பத்திரிகைகளைப் பார்த்து "என்ன மாமா இம்புட்டு?" என்று கேட்டீர்கள். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு, சடங்கு, கிரகப்பிரவேசம் என்று ஒரே மாதத்தில் பதினேழு விசேஷம், போகாவிட்டால் சொந்தம் அறுந்துபோகும், வெளியூரில் இருக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம் என்று நான் ஒரு பெருமூச்சு விட்டேன். விட்டது பெருமூச்சுதான். நீங்கள் அதிரசத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து நின்று "மாமா, இதுதான் மார்க்கெட்!" என்றீர்கள். வர முடியாதவர்களுக்குப் பதிலாக ஆள் அனுப்பும் கம்பெனி, பெயர் 'ஆஜர்', எழுமலையிலிருந்து அவனியாபுரம் வரை முதல் கட்டம், அஞ்சாவது வருஷம் அமெரிக்கா என்று அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. உங்கள் அத்தையை ஆப்பரேஷன்ஸ் ஹெட் என்று சொன்னீர்கள். "அதுக்குச் சமைக்கணுமா மாப்ள?" என்று கேட்டாள். வேண்டாம் என்றதும் "அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் நாற்பத்திரண்டு பக்கத்தில் சுருள்கம்பி போட்ட திட்டம் ஒன்று கூரியரில் வந்து இறங்கியது. நானும் அதை ஒரு வரி விடாமல் நிறைவேற்றினேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதல் அத்தியாயம், சந்தை ஆய்வு. ஐம்பது பேரிடம் நேரில் கேள்வி கேட்க வேண்டும், அதுவும் அவர்கள் அந்த அவஸ்தையில் இருக்கும்போதே கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரி என்று நோட்டும் பேனாவுமாக ஒரு கல்யாண மண்டப வாசலில் போய் நின்றேன். சாப்பிட்டு வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் "இந்தக் கல்யாணத்துக்கு நீங்க இஷ்டப்பட்டு வந்தீங்களா, கட்டாயத்துக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை, ஜனங்கள் உண்மை பேசுவதற்கு இப்படிக் காத்துக்கிடப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, இதைக் கேக்குறதுக்கு இத்தனை வருசத்துல ஒரு மனுசன் வரலையேண்ணே" என்று கண் கலங்கினார். அவர் மணப்பெண்ணின் சொந்தச் சித்தப்பா. அவர் பேசியதைப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் மணப்பெண்ணின் அப்பா. இருபத்து மூன்றாவது ஆளோடு ஆய்வு நின்றுபோனது. நோட்டு சாம்பார் வாளிக்குள் போய்விட்டது.

இரண்டாம் அத்தியாயம், இலவசச் சோதனை. முதல் வாடிக்கையாளருக்குச் சும்மா செய்து காட்டினால் அவரே ஊரெல்லாம் சொல்வார் என்றீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒரு பையன் அகப்பட்டான். உசிலம்பட்டிப் பக்கம் அவன் அக்கா முத்துத்தாய் மகளுக்குக் காதுகுத்து. போக வேண்டும், உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், போட்டோவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். பத்திரிகையில் ஏழரை மணி என்று போட்டிருந்தது. நான் ஏழு இருபத்தெட்டுக்குப் போய்விட்டேன். பந்தல்காரர்கூட வரவில்லை. சும்மா நிற்கிறேன் என்று என் கையில் கத்தியைக் கொடுத்துப் பதினோரு கிலோ வெங்காயம் உரிக்க வைத்துவிட்டார்கள். பத்து மணிக்கு ஆசாரி வந்து உட்கார்ந்து "தாய்மாமன் எங்கப்பா? மடி வேணுமே" என்றார். கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "தம்பிக்குப் பதிலாத்தானே இவுக வந்துருக்காக, உக்காரச் சொல்லு" என்று யாரோ சொல்ல, பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார்கள். அது என் மடியில் உட்கார்ந்து அலறி, என் வேட்டியை நனைத்து, என் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே காது குத்திக்கொண்டது.

மடியில் உட்கார்த்திக் காது குத்தினால் நம் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை. நான் தாய்மாமன் ஆகிவிட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளை சடங்கானால் பச்சை ஓலையில் குச்சு கட்டுவதும் நான், கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோவதும் நான். "தம்பி சிங்கப்பூர்ல கெடக்கான், அவனை நம்ப முடியாது. நீங்கதாண்ணே இனிமே" என்று முத்துத்தாய் சொல்லிவிட்டாள். மறுவாரமே புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணன் வீடுதானே! நான்தான் உசிலம்பட்டி வரை போய் அந்த ஆளிடம் "ஏப்பா, என் தங்கச்சியை இப்படி அழவைக்கலாமா?" என்று நியாயம் பேசிவிட்டு வந்தேன். பேசும்போது எனக்கே கோபம் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. இப்படி மூன்று மாதத்தில் எனக்குப் பதினொரு தங்கச்சிகள், நாலு பங்காளிகள், கருமாத்தூரில் ஒரு சின்ன மாமனார். வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்று ஒரு அத்தியாயமே எழுதியிருந்தீர்களே, அதை நான் திறக்கவே இல்லை. நமக்கு வாடிக்கையாளரை விடுவிப்பது எப்படி என்ற அத்தியாயம்தான் வேண்டும்.

அடுத்து விளம்பரம். விளம்பரத்தை வாடிக்கையாளர் கூடும் இடத்தில் வை, அதில் வாடிக்கையாளர் முகமே தெரியட்டும் என்று எழுதியிருந்தீர்கள். பத்தொன்பதாம் பக்கம், அடிக்கோடு வேறு போட்டிருந்தீர்கள். அவனியாபுரத்தில் பிளக்ஸ் போடும் சிவனாண்டியிடம் போனேன். அவனுக்கு எதை வைத்தாலும் பக்கத்தில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையும் என் முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வைத்தால்தான் திருப்தி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு கல்யாணத்துக்கு நாம் நாலு பேர் சார்பில் போவதாக இருந்தது. நாலு பேர் போட்டோவையும் கொடுத்து, "இவுகளால வர முடியலைன்னு மரியாதையா ஒரு வரி போடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் ஆயுசில் அதிகமாக அடித்தது எந்த மாதிரி பிளக்ஸ் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று மண்டப வாசலில் பத்தடி உயரத்தில் நாலு பேரும் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே 'இன்று நம்மோடு இல்லாத அன்பு உள்ளங்கள்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு.

ஆத்தாடி! வேன்களில் வந்து இறங்கிய பொம்பளைகள் அங்கேயே மாரில் அடித்துக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். யாரோ மணமகள் மாலைக்கு வைத்திருந்த பூவிலிருந்து எடுத்து நாலு போட்டோவுக்கும் சாத்திவிட்டார்கள். துபாயில் இருக்கிற வாடிக்கையாளரின் மாமியார் அவனுடைய போனுக்கே கூப்பிட்டு, "எப்ப தம்பி ஆச்சு, என்னத்துல ஆச்சு?" என்று அவனிடமே விசாரித்திருக்கிறார். நான் ஒரு நாற்காலியில் ஏறி நின்று "யாரும் சாகலை, எல்லாரும் உசுரோடதான் இருக்காக, வரத்தான் பிடிக்கலை" என்று கத்தினேன். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது, மாப்பிள்ளை. அதற்குப் பிறகு அந்த நாலு குடும்பத்தோடும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. செத்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் என்று அதில் ஒருத்தன் எனக்குச் செய்தி அனுப்பினான்.

இத்தனைக்குப் பிறகும் கம்பெனி படுத்துவிடவில்லை என்பதுதான் பெரிய துயரம். காரணம் மூன்றாவது பேக்கேஜ். சாதா என்றால் போய்ச் சாப்பிட்டு வருவது. ஸ்பெஷல் என்றால் எல்லாரையும் நலம் விசாரித்து, பழைய கதை இரண்டு பேசிவிட்டு வருவது. வாடிக்கையாளர் கேட்பதைக் கவனி என்று நீங்கள் சொன்னதற்காக உங்கள் அத்தை மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாள். கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமல் வருவது. அதற்குத்தான் அடிதடி. அண்ணன் தம்பி சண்டை, முதல் வெற்றிலை கொடுக்காத சண்டை, பிளக்ஸில் போட்டோ சின்னதாகப் போட்ட சண்டை என்று ஜனங்கள் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கோபப்பட ஆள் இல்லாமல் தவித்திருக்கிறார்கள், பாவம். வாரத்தில் நாலு நாள் நான் யார் யாருக்காகவோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். கறிக்குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கும், எழுந்து வர வேண்டும். வீட்டுக்கு வந்து தட்டை எடுத்தால் உங்கள் அத்தை, "கோவிச்சுட்டு வந்தவுக இங்க வந்து சோறு கேக்குறீக. காலைலயே சொல்லிட்டுப் போறதுக்கு என்ன?" என்று சண்டைக்கு வருகிறாள். கோபம் வருமா வராதா என்று காலையிலேயே தெரிந்து அரிசி போடுகிற வீடு மதுரையில் நம் வீடு ஒன்றுதான்.

இதில் போட்டிக் கம்பெனி வேறு. அவனியாபுரத்தில் பீமாராவ் என்று ஒருவர், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், நம்மைப் பார்த்து அதே தொழிலை ஆரம்பித்துவிட்டார். போன மாதம் எழுமலையில் ஒரு கல்யாணம். இரண்டு பங்காளிகள் பத்து வருஷமாக முகத்தில் முழிப்பதில்லை. ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தர் மலேசியா. கோயம்புத்தூர்க்காரர் நம்மிடம் மூன்றாவது பேக்கேஜ் எடுத்தார். மலேசியாக்காரர் பீமாராவிடம் எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்தில் சட்டப்படி முறைத்துக்கொண்டோம். "பத்து வருசத்துக்கு முன்னாடி வரப்பை வெட்டுன ஆளுதானய்யா நீ!" என்று நான் ஆரம்பித்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்து, "மன்னிக்கணும், வரப்பை வெட்டினது நீங்க. நான் கெணத்துல மோட்டாரைத் தூக்கினவன்" என்று திருத்தினார். நானும் என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. பிறகு இரண்டு பேரும் கோவித்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். வழக்கப்படி பெண் வீட்டுப் பெரியவர் ஓடி வந்து கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். ஒருவர் ஓடி வந்தார். நன்றாகவே கெஞ்சினார். மூன்றாவது தடவை கெஞ்சும்போது குரல் கம்மியது. அருகில் பார்த்தால் அவரும் பெண் வீட்டுப் பெரியவர் இல்லை. பெரியவருக்கு முழங்கால் வலி, ஓட முடியாது என்று நம் கம்பெனியிலிருந்தே ஒச்சம்மாள் அனுப்பிய ஆள், நாம் வேலைக்கு வைத்திருக்கிற காளை! எனக்குச் சொல்லவே இல்லை.

எங்கள் மூன்று பேரையும் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே சொந்தக்காரர்கள் எல்லாரும் நிம்மதியாக முதல் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாசலில் நின்று அரை மணி நேரம் கோபப்பட்டுக் கெஞ்சிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் டீயும் பன்னும் சாப்பிட்டோம். "நமக்கெல்லாம் எதுக்குண்ணே இந்தப் பொழப்பு?" என்று காளை கேட்டான். பீமாராவ் பன்னைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார்.

சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிப்பு வராத ஒன்றும் உண்டு. அன்றைக்குத்தான் என் கூடப்பிறந்த அக்கா சோணையம்மாள் வீட்டில் அவள் மகன் கிரகப்பிரவேசம். எனக்கு அன்று மூன்று புக்கிங். போகவில்லை. மறுநாள் போன் செய்தேன். அக்கா எடுத்தாள், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். திரும்பச் செய்தேன். "உன் கம்பெனில சொல்லி உன் பேருக்கு ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம்ல தம்பி. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேனே" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. மூன்று மாதமாக ஊரார் கோபத்தை எல்லாம் கூலிக்குப் பட்டுக்கொண்டிருந்தவனுக்கு அதுதான் தாங்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு வந்தேன். வயசான காலத்தில் இதெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். கம்பெனியை இந்த மாதத்தோடு மூடுகிறேன். நாற்பத்திரண்டு பக்கத்தையும் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன், உங்கள் உழைப்பை நான் எடைக்குப் போட மாட்டேன். உங்கள் வேலையை மட்டும் விடாதீர்கள். ஏ.சி. அறை, சுழல்கிற நாற்காலி, முதல் தேதி வந்தால் சம்பளம், பக்கத்திலேயே காப்பி மிஷின். அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அப்புறம் இங்கே வந்து யாருடைய பிள்ளைக்காவது மடி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு வேலை என்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அதை விட்ட பிறகுதான் தெரியும். மாமனார் மாப்பிள்ளை காலில் விழக்கூடாது, இல்லையென்றால் விழுந்திருப்பேன்.

இன்னொரு சேதி. அடுத்த மாதம் பதினாலாம் தேதி, ஞாயிறு, எழுமலை சோணைச்சாமி கோயிலில் நம் கிடாவெட்டு. தேதி முன்பே தமிழ்ச்செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கான நேர்த்திக்கடன் என்பதை மட்டும் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். என் மகளுக்குக் குணமான மாப்பிள்ளையாக ஒருத்தனைக் காட்டு, உனக்குக் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டியிருந்தேன். சாமி காட்டிவிட்டார். நாலு வருஷம் தள்ளிப்போட்டது என் தப்பு. நீங்கள் பக்கத்தில் நிற்க, உங்கள் தோளில் துண்டு போட்டு, முதல் இலையில் உங்களுக்கு ஈரல் வைத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கும். இரண்டு பேரும் அவசியம் வர வேண்டும்.

பதினாறு பேறும் பெற்று, வீடு நிறையப் பிள்ளைகளோடு, ராஜினாமாக் கடிதம் என்ற ஒன்றை ஆயுசுக்கும் எழுதாமல் தாங்கள் வாழ வேண்டும் என்று உங்கள் அத்தையும் நானும் மனசார வாழ்த்துகிறோம். தமிழ்ச்செல்வியை ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
பேயாண்டி
(டைம் கீப்பர், ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் அத்தை போனைக் கொண்டுவந்து நீட்டினாள். புது புக்கிங். விசேஷம், கிடாவெட்டு. இடம், எழுமலை சோணைச்சாமி கோயில். தேதி, பதினாலு. வாடிக்கையாளர், சோலை, சென்னை. வர முடியாத காரணம், ராஜினாமா கொடுத்த பிறகு நோட்டீஸ் முடியும்வரை ஆபீஸில் லீவு இல்லை. கீழே குறிப்பு, 'மாமாவையே அனுப்பவும், அவர்தான் நேரம் தவற மாட்டார்.'

கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். அப்படியென்றால் அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று "வாங்க மாப்ள" என்று கும்பிட வேண்டியவனும் நான். "வாரேன் மாமா" என்று உள்ளே வர வேண்டியவனும் நான். என் தோளில் நானே துண்டைப் போட்டுக்கொண்டு, முதல் இலையில் உட்கார்ந்து, எனக்கு நானே ஈரல் வைத்துக்கொண்டு, நல்ல மாப்பிள்ளை கிடைத்தான் சாமி என்று சொல்ல வேண்டும். உங்கள் அத்தை என்னைப் பார்த்து "உக்காருங்க மாப்ள" என்று சொல்லிப் பார்த்தாள், சிரித்தாள், அப்புறம் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு தராத வேலை என்ன வேலை? சுழல்கிற நாற்காலியாம், காப்பி மிஷினாம்! மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வரை எதற்குக் காத்திருக்கிறீர்கள்? இது கையில் கிடைத்த அன்றைக்கே ராஜினாமாவை எழுதி அந்த மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, என் மகளைக் கூட்டிக்கொண்டு முதல் வண்டியில் ஏறுங்கள். கம்பெனியை மூடவில்லை, திறந்துதான் வைத்திருப்பேன், வந்து நீங்களே நடத்துங்கள். புக்கிங்கை மட்டும் ரத்து செய்துவிட்டேன். அந்த விசேஷத்துக்கு அனுப்ப எங்கள் கம்பெனியில் ஆள் இல்லை.